வலது தோளைத் தட்டி இடது பக்கம் நின்றவன்

எனக்குத் தெரிந்த விளையாட்டு ஒன்றே ஒன்றுதான். பின்னாலிருந்து பூனை மாதிரி வந்து, ஒருவருடைய வலது தோளில் இரண்டு விரலால் மெல்லத் தட்டிவிட்டு, இடது பக்கம் போய் நின்றுகொள்வது. அவர் வலது பக்கம் திரும்பி யாரையும் காணாமல் விழிப்பார். இதில் என்ன வேடிக்கை என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. கல்யாணமான மூன்றாம் நாள் என் மனைவியிடம் இதை ஆரம்பித்தேன். இருபத்தாறு வருடமாக அவள் ஒரு நாளும் இடது பக்கம் திரும்பியதில்லை. நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாதா என்ன? தெரிந்துதான் வலது பக்கம் திரும்புவாள். "வேல வெட்டி இல்லையா உங்களுக்கு" என்பாள். அதைக் கேட்டால்தான் எனக்குக் காலைப் பசியாறல் தொண்டையில் இறங்கும்.

அந்த வலது தோளைத்தான் நான் உடைத்தேன்.

தீபாவளி முடிந்து மழை பிடித்திருந்த நாள்கள். சுவா என்கிற ஊரில் என் சித்தி மகள் புது வீடு கட்டிக் குடி போகிறாள் என்று இருவரும் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். எங்கள் எஸ்டேட் மலேசியாவில், ரந்தாவ் பக்கம். மெயின் ரோட்டைப் பிடிக்கும்வரை செம்மண் சாலைதான். எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லோரிகள் அதை உழுது போட்டிருக்கும். அந்த லோரிகளில் ஒன்றை ஓட்டுகிறவன் நானே என்பதால், பள்ளங்கள் எங்கே என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. பின்னால் அவள், பரிசாக வாங்கிய சோறு ஆக்கும் குக்கர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு ஜோக் சொன்னேன். சிரித்தாளா என்று பார்க்கத் திரும்பினேன்.

அது என்ன ஜோக் என்று கேட்காதீர்கள். அதற்குப் பிறகு அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மோட்டார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். குக்கர் பெட்டி சேற்றில் உருண்டு போய் ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது. என் முழங்காலில் தோல் உரிந்திருந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் நான் போட்ட சத்தத்தில், குலை வெட்டிக்கொண்டிருந்த பங்களாதேஷ்காரர்கள் கொக்கியும் கையுமாக ஓடி வந்தார்கள். யாரோ செத்துவிட்டார் என்று நினைத்தார்களாம். எஸ்டேட் கிளினிக்கில் மருந்து போடுகிறவரை நாங்கள் இன்னும் டிரஸர் என்றுதான் சொல்வோம். அவர் என்னைப் பெஞ்சில் படுக்க வைத்து, முழங்காலைக் கழுவி, ஊசி போட்டு, கட்டும் போட்டார். அதுவரை என் மனைவி சுவரோரமாக நின்றிருந்தாள். பிள்ளையை ஏந்துகிற மாதிரி இடது கையால் வலது கையை ஏந்திக்கொண்டு. உனக்கு என்ன என்று டிரஸர் கேட்டதற்கு அவள் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"அவருக்கு மொதல்ல பாருங்க. பயந்துட்டாரு."

அவளுடைய மேல்கை எலும்பு, தோளுக்குச் சற்றுக் கீழே மூன்று துண்டாகியிருந்தது.

சிரம்பானில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எங்களுக்கு வாய்த்த டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். கோலாலம்பூரில் வேலை செய்யும் என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருப்பார். பொறுமையானவர். ஒரு தாளில் தோளை வரைந்து காட்டினார். முன்பெல்லாம் நீளமாகக் கீறி, சதையை ஒதுக்கித்தான் எலும்பைச் சேர்ப்பார்களாம். இப்போது தோளின் மேலே ஒரு சிறு வெட்டு, கீழே ஒரு சிறு வெட்டு. கதவுக்கு அடியில் கடிதம் தள்ளுகிற மாதிரி ஒரு தகட்டைச் சதைக்கு அடியில் நுழைத்து ஸ்க்ரூ போட்டுவிடுவார்கள். ரத்தச் சேதம் குறைவு, தழும்பு சின்னது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

பிறகு என்னென்ன கெடுதல் வரலாம் என்று சொல்ல ஆரம்பித்தார். புண்ணில் கிருமி சேரலாம். ஸ்க்ரூ நகர்ந்து மூட்டுக்குள் குத்தலாம். எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது நாளடைவில் மடிந்து போகலாம். கடைசியாக, அந்தப் படத்தில் இரண்டு வெட்டுக்கும் நடுவே பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார். இந்த இடத்தில் எலும்பைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு போகிறது, கையைத் தூக்கும் சதைக்கு அதுதான் உயிர் என்றார். விழுந்த வேகத்திலேயே அது அடிபட்டிருக்கலாம், நாங்கள் தகட்டை நுழைக்கும்போதும் அடிபடலாம். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். சிலருக்கு ஆவதில்லை.

இவ்வளவும் அவர் சொன்னார். இன்றைக்கு எழுதும்போது ஒவ்வொன்றும் நினைவில் இருக்கிறது. அன்றைக்கு என் காதில் விழுந்தது ஒரே ஒரு மலாய்ச் சொல்தான். கெச்சில். சின்னது. பயந்தவனுக்கு அது போதும். அந்தச் சொல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

வலி மருந்தின் மயக்கத்தில் என் மனைவிக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். ஆனால் சரியான பாதி.

"நரம்புன்னு என்னமோ சொன்னாங்களே, என்னாங்க அது?"

"அது எல்லாருக்கும் படிக்கிற லிஸ்ட் லா. சின்ன ஓட்டைதான். போடு" என்றேன்.

இடது கையால், கோழி கிளறிய மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டாள்.

அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மூன்று தடவை கழிப்பறை போனேன். மூன்று கிளாஸ் தே தாரிக் டீ குடித்தேன். ஆகவே இன்னும் மூன்று தடவை போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு சீனக் கிழவர் நகர்ந்து இடம் விட்டு, உள்ளே யார் என்று கேட்டார். என் மனைவி என்றேன். என்ன ஆபரேஷன் என்றார். சின்ன ஆபரேஷன் என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவருடைய மனைவிக்கு இதய ஆபரேஷன். அவர்தான் எனக்கு டிஸ்ஸு எடுத்துக் கொடுத்தார்.

எஸ்டேட் கோயில் மாரியம்மனுக்கும் எனக்கும் நல்ல பழக்கம். அவளிடம் ஏதாவது நேர்ந்துகொள்ளலாம் என்று கண்ணை மூடினேன். மொட்டை போடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மன் ஏமாற மாட்டாள். பதினைந்து வருடமாக என் வழுக்கைத் தலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அலகு குத்துகிறேன் என்று சொல்லலாம், ஆனால் ஊசி என்றாலே நான் போடும் கூச்சலை டிரஸரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குழப்பத்தில் மனசு ஓடி ஓடி எங்கேயோ போய், என் வாய் இப்படிச் சொல்லிவிட்டது: தாயே, கை நல்லபடியாக வந்துவிட்டால் சித்திரைத் திருவிழாவில் என் பொண்டாட்டி பால் குடம் எடுப்பாள்.

பால் குடம் தலையில் இருக்கும். இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். உலகத்தில் எல்லாரும் தங்கள் முடியை, தங்கள் நாக்கை, தங்கள் முதுகை நேர்ந்துகொள்வார்கள். அடுத்தவள் தோளை, அதுவும் உடைந்து மேசைமேல் கிடக்கும் தோளை நேர்ந்துகொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கண்ணைத் திறந்ததும் அது எனக்கே புரிந்தது. ஆனால் சாமியிடம் சொன்ன சொல்லை எப்படித் திருப்பி வாங்குவது? யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

எலும்பு அழகாகச் சேர்ந்தது. எக்ஸ்ரேயில் தகடும் ஸ்க்ரூவும் வேலி அடைத்த மாதிரி வரிசையாக இருந்தன. டாக்டருக்கே திருப்தி. எஸ்டேட் லயத்து வீடுகளின் ஜனம் மைலோ டின்னும் ஆரஞ்சுமாக வந்து, தோளில் இருந்த இரண்டு சின்னத் தழும்பையும் பார்த்துவிட்டு, "அட, இம்புட்டுத்தானா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான்தான் முன்னால் நின்று காட்டினேன், ஏதோ நானே தைத்த மாதிரி.

கழுத்தில் கட்டியிருந்த துணிப்பட்டையை எடுத்த மறுநாள் காலை. அவள் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றிருந்தாள். ஒரு மாதமாக விளையாடாத விளையாட்டு. பின்னாலிருந்து போய், தோளின் வெளிப்புறத்தில் இரண்டு விரலால் பஞ்சு மாதிரித் தட்டிவிட்டு இடது பக்கம் ஒதுங்கினேன். அவள் திரும்பவில்லை.

சரி, கோபம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. விழுந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை திட்டாதவள், இப்போதாவது கோபப்படுகிறாளே என்று.

மறுநாளும் தட்டினேன். இந்த முறை விரலை எடுக்காமல் நின்றேன். அவள் தட்டைக் கழுவி, கவிழ்த்து வைத்து, கையைத் துடைக்கத் திரும்பியபோதுதான் என்னைப் பார்த்தாள். "எப்ப வந்தீங்க?" என்று கேட்டாள். அப்புறம் தன் தோள்மேல் இருந்த என் விரலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அதற்கு அடுத்த நாள் தட்டியதும் சட்டென்று வலது பக்கம் திரும்பினாள். "வேல வெட்டி இல்லையா" என்றாள். அன்று லோரியில் மில்லுக்குப் போகும் வழியெல்லாம் நான் பாடிக்கொண்டு போனேன்.

உணர்ச்சி வந்துவிட்டது. இனித் தூக்குவதுதான் பாக்கி. பயிற்சி சொல்லிக் கொடுத்த இடத்தில், சுவரைப் பார்த்து நின்று விரல்களை எறும்பு மாதிரி மேலே ஏற்றச் சொல்லியிருந்தார்கள். அடுப்படிச் சுவரில் நான் பென்சிலால் கோடு போட்டேன். முதல் வாரம் இடுப்பு உயரம். தை மாதம் நெஞ்சு உயரம். லைட் சுவிட்சுக்கு நாலு விரல் கீழே வந்து கோடு நின்றுவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம், அதே இடம். விரல் ஏறும்போது அவள் உடம்பு முழுக்க இடது பக்கம் சாயும். பல்லைக் கடித்துக்கொண்டு, கையை மேலே தூக்குவதற்குப் பதிலாகத் தன்னையே தூக்கப் பார்ப்பாள். தோளின் உருண்டைச் சதை வற்றி, ரவிக்கைக்குள் எலும்பு முனை தெரிய ஆரம்பித்திருந்தது. நான் தினமும் காலண்டரைப் பார்த்தேன். சித்திரை ஓடி வந்துகொண்டிருந்தது.

அப்போது நான் ஒரு தில்லுமுல்லு செய்தேன். அவள் பள்ளிக்கூடக் கெண்டினுக்கு வேலைக்குப் போனதும், பழைய கோட்டை ரப்பரால் அழித்து ஒரு விரல் கீழே போட்டுவிடுவேன். சாயங்காலம் அவள் விரல் அதைத் தாண்டும். "பாத்தியா, ஏறிடுச்சு" என்று நான் குதிப்பேன். அவளும் சிரிப்பாள். கெண்டினில் அவளுக்குப் பெரிய குவாலிச் சட்டியைத் தூக்கி வைக்க வேறு ஆள் வந்துவிட்டது, அவள் வெங்காயம்தான் நறுக்குகிறாள் என்பதை அவள் சொல்லவில்லை. அங்கே வேலை பார்க்கும் இன்னொரு பெண் சொல்லித்தான் தெரியும். காலையில் தலைசீவிக் கொண்டை போட அவளுக்குக் கை எட்டாது. நான்தான் போட்டுவிடுவேன். நான் போட்ட கொண்டை தேங்காய்மட்டை மாதிரி இருக்கும். அதோடு பஸ் ஏறிப் போவாள்.

பங்குனியில் மறுபடி டாக்டரைப் பார்க்கப் போனோம். அதற்கு முந்தின வாரம் தோள் சதையில் ஊசி செருகி, நரம்பில் மின்சாரம் விட்டு ஒரு சோதனை எடுத்திருந்தார்கள். அந்த அறைக்குள் என்னை விடவில்லை, நல்லதாகப் போயிற்று. டாக்டர் தாளைப் பார்த்தார், என் மனைவியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பஞ்சால் தோளின் வெளிப்புறத்தைத் தொட்டார். தெரிகிறதா? இல்லை என்றாள். ஊசி முனையால் தொட்டார். இல்லை. ஒரு வெள்ளிக்காசு அகலத்துக்கு மேலேயே இருக்கும், அந்த இடம் முழுக்க இல்லை, இல்லை என்றாள்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். தினமும் நான் தட்டுகிறேன், தினமும் திரும்புகிறாள், இவள் பதற்றத்தில் தப்பாகச் சொல்கிறாள் என்று மலாயிலும் தமிழிலுமாக டாக்டரிடம் வாதாடினேன். கையை ஆட்டி, தட்டிக் காட்டக்கூடப் போனேன். என் மனைவி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"ஏங்க. உக்காருங்க. சன்னல் கண்ணாடியில தெரியுங்க, நீங்க வர்றது."

தட்டிக் காட்ட நீட்டிய கையை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"பாவமா இருந்துச்சு. அதான் திரும்புனேன். நீங்க மட்டும் சுவத்துல கோட்ட மாத்தலையா?"

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தாளைக் கீழே வைத்துவிட்டு, நாங்கள் முடிக்கும்வரை காத்திருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். எலும்பு ஒழுங்காகக் கூடிவிட்டது. நரம்பு இன்னும் எழும்பவில்லை, இவ்வளவு நாளில் ஏதாவது அசைவு தெரிந்திருக்க வேண்டும். கோலாலம்பூரில் நரம்புக்கென்று இருக்கும் டாக்டர்களிடம் எழுதித் தருகிறேன், மூட்டு இறுகிவிடாமல் பயிற்சியை மட்டும் விடாதீர்கள் என்றார். விழுந்தபோது அடிபட்டதா ஆபரேஷனில் அடிபட்டதா என்று நான் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆபரேஷன் என்று சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

ரந்தாவ் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். இதையும் மறைத்து வைத்து என்ன செய்ய என்று, அம்மனுக்கு வேண்டிக்கொண்டதைச் சொன்னேன்.

"என்னா வேண்டுனீங்க?"

"பால் குடம்."

"நல்லதுதான. எடுங்க."

"நான் இல்ல. நீ எடுக்கறதா."

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. இடது தோள். அழுகிறாள் என்று பதறி எட்டிப் பார்த்தால், சிரிக்கிறாள். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. பஸ் பனங்காட்டுக்குள் நுழைந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நீ மயக்கத்துல இருந்த புள்ள."

"கையெழுத்து போடுறப்ப முழிச்சித்தான இருந்தேன். நான் கேட்டேனே உங்கள. நரம்புன்னா என்னான்னு."

அவள் குரலை உயர்த்தவில்லை. நான் அவ்வளவு நாளும் எதிர்பார்த்திருந்த கோபம் அதுதான் போலிருக்கிறது. அது வந்ததும் எனக்கு நிம்மதி வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பதிலுக்கு ஒரு ஜோக்கும் என் வாயில் இல்லை. எங்கள் எஸ்டேட் முனையில் பெல் அடிக்க வேண்டியதையும் மறந்தேன். அவள்தான் எட்டி அடித்தாள், இடது கையால்.

திருவிழாவுக்குப் பெயர் கொடுக்கிற நாளில் அவள்தான் கோயிலுக்குப் போனாள். கோயில் தலைவர் தயங்கினாராம். அவள் பெயரில் வேண்டுதல் என்றால் அவள்தான் எடுக்க வேண்டும், தலையில் முடியாவிட்டால் இடுப்பிலாவது வைத்துக்கொண்டு வரலாமே என்றாராம். இவள், "வேண்டுனது அவரு. அவரே தூக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு, வயிறு முன்னால் நடக்க, நான் பால் குடம் எடுத்தேன். எஸ்டேட் கடையிலிருந்து கோயில்வரை அரைக் கல் தூரம்கூட இருக்காது, கொஞ்சம் மேடு. பாதி வழியிலேயே என் தோள் இரண்டும் எரிந்தன. பால் தளும்பி நெற்றியில் வழிந்தது. மேளக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், பெண்கள் சிரித்தார்கள், இவன் நம்ம ஆட்டக்காரன், ஏதோ வேடிக்கை காட்டுகிறான் என்று. நான் அழுதுகொண்டிருந்தேன். இத்தனை வருடம் கோமாளியாக இருந்ததற்குக் கூலி, அழும்போது யாரும் நம்பவில்லை. துடைக்கலாம் என்றால் கை மேலே இருக்கிறது. வலது பக்கமாக என் மனைவி நடந்து வந்தாள். மேட்டில் நான் நின்றுவிட்டபோது, "வந்துருச்சிங்க, கோபுரம் தெரியுது" என்றாள். அவள் வலது கை அடிவயிற்றோடு ஒட்டிக்கிடந்தது.

வைகாசியில் கோலாலம்பூர் போனோம். காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து இங்கே ஒட்டிப் பார்க்கலாம், நாள் கடந்துவிட்டதால் பலன் உறுதியில்லை, இல்லாவிட்டால் இப்படியே இருக்கலாம் என்றார்கள். இந்தத் தடவை நான் ஒவ்வொரு வரியாக நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். கெடுதல்களைக்கூட ஒன்று விடாமல் அவளுக்குத் தமிழில் சொன்னேன். விளங்காததை மறுபடி கேட்டேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், நான் பார்க்கவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றாள்.

அடுப்படிச் சுவரில் கோடு அப்படியே இருக்கிறது, சுவிட்சுக்கு நாலு விரல் கீழே. சரியான இடத்தில் நானே திரும்பப் போட்டேன். பாத்திரம் கழுவும் இடத்துக்கு நேரே இருக்கிற சன்னலில் இப்போது திரை போட்டிருக்கிறாள், வெயில் அடிக்கிறதாம். நான் காலையில் பின்னாலிருந்து போய் அவளுடைய இடது தோளைத் தட்டுகிறேன். இடது பக்கம் திரும்புகிறாள். நான் அங்கேயே நிற்கிறேன்.